செல்லாத மொய்

பாப்பிரெட்டிப்பட்டி
6-3-1938

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாது எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கம்மாள், இரண்டு எருதுகள், ஒரு கன்று, எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் காவேரியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் மூவரும் வண்டி ஏறிய அன்று எனக்கு அழுவதற்குக்கூட ஒழியவில்லை. பந்தல்காரன் மூங்கில் குறைகிறது என்று சண்டைக்கு நின்றான். அவனை அனுப்பிவிட்டு உள்ளே வந்தால், காவேரி ஊசி நூல் வைக்கும் மாடத்தைப் பார்த்தபடி தங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து அழுதோம். அப்பாவும் அம்மாவும் போனபிறகு தங்கையை நான் வளர்த்தேன் என்று ஊரில் சொல்வார்கள். நான் கூழ் ஊற்றினேன், அவ்வளவுதான். இந்த வீட்டை வீடாக வைத்திருந்தவள் அவள்.

நிற்க. மஞ்சள் துணி மூட்டையை அவிழ்த்தீர்களா? மொய்யை ஒரு தரம் முடிந்துவிட்டால் பெண் வீட்டார் அவிழ்ப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. மாப்பிள்ளை வீட்டு விளக்கின் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். ஆகையால் உள்ளே இருப்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலே உங்களுக்கு வாக்குக் கொடுத்த பெரிய மனிதன் நான்.

நிச்சயத்தன்று அத்தை, “பையனுக்கு என்னா செய்யறீங்க?” என்று சபையில் கேட்டபோது, மீசையை நீவிக்கொண்டு “தையல் மெஷின்” என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தைரியம் முனிராஜ் கடைச் சுவரிலிருந்து வந்தது. கொக்கு மார்க் தேயிலைக்காரர்கள் அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பொட்டலத்துக்குள் மஞ்சள் சீட்டு இருக்கும். சேர்த்துக்கொண்டு போனால் கண்ணாடி, குடை, சுவர்க்கடியாரம், எல்லாவற்றுக்கும் மேலே தையல் மெஷின். தங்கம்மாள் ஒரு வருஷமாகச் சேர்த்தாள். போதவில்லை. இது எப்படியோ பெண்டுகளுக்குத் தெரிந்துபோய், கல்யாணத்தன்று வெற்றிலைத் தட்டில் தேயிலைச் சீட்டையே மொய்யாக வைத்துவிட்டார்கள். கேழ்வரகுக் கூழைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காத ஊர் இது, மாப்பிள்ளை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தேயிலைத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். சித்தேரி மலையிலிருந்து புளி கொண்டுவரும் கருப்பிகூடப் புளியைக் கொடுத்துத் தேயிலை வாங்கிப் போனாளாம். எல்லாம் காவேரி தைத்துக்கொடுத்த ரவிக்கைகளுக்காக. கையால் தைத்தே அவளுக்கு விரல் காய்த்துப்போயிற்று, இனிமேலாவது மெஷின் மிதிக்கட்டும் என்று சொன்னார்கள்.

ஆடிக்குள் மெஷின் உங்கள் வீட்டில் இருக்கும் என்பது நான் அத்தைக்குக் கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில். சீட்டை வாங்கிக்கொண்டு பரிசு கொடுக்கும் தேயிலை டிப்போ சேலத்தில் இருக்கிறது, சீக்கிரம் போய் வாருங்கள்.

உங்கள் மச்சான்,
மாது

*

கம்பைநல்லூர்
2-4-1938

பிரியமுள்ள மச்சானுக்கும் தங்கம்மாள் அக்காவுக்கும் அர்ச்சுனன் வணக்கம். கடிதம் வந்து நாளாகிவிட்டது. சந்தை நாள் வேலை மேலே விழுந்துவிட்டதால் பதில் எழுதச் சுணங்கியது. கோபம் வேண்டாம்.

மூட்டையை வந்த அன்றே விளக்கின் முன் வைத்து அவிழ்த்தோம். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படி ஒரு மொய் எங்கள் தெருவில் யாருக்கும் வந்ததில்லை. உங்கள் ஊர்ப் பெண்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். வாய் வார்த்தைக்காகச் சொல்லவில்லை, மனதிலிருந்து சொல்கிறேன்.

காவேரியைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்மாவும் அவளும் பகலெல்லாம் பேசுகிறார்கள். நான் கடையிலிருந்து வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அம்மா கடுகடுப்பானவள் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அந்தக் கடுகடுப்பு முழுவதும் என் ஒருவன்மேல் இறங்குகிறது. காவேரிக்குக் களி கிண்டத் தனிப் பக்குவம் இருக்கிறதாம். இத்தனை வருஷம் நான் சாப்பிட்டது களியே இல்லையாம்.

நான் இப்போதும் தீர்த்தன் கடையில் அவருடைய மெஷினில்தான் தைக்கிறேன். சேலத்துக்குப் போக வேண்டும், போகிறேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தேன். பதிலோடு ஒரு சீப்பு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல சீப்பு. காவேரியிடம் கொடுத்தேன்.

அன்புடன்,
அர்ச்சுனன்

*

பாப்பிரெட்டிப்பட்டி
15-5-1938

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சீப்பு வந்த சங்கதியை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். சீப்பே இப்படி என்றால் மெஷின் எப்படி இருக்கும் என்று இங்கே ஒரே பேச்சு. எதிர்வீட்டுச் சின்னக்கா தினமும் காலையில் வந்து நிற்கிறாள். “மாது, மெஷின் வந்துருச்சா? சக்கரம் கருப்பா, செவப்பா?” நான் என்ன சொல்ல? எங்கள் மாப்பிள்ளை ஊசியில் நூல் கோக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர், பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

சித்திரை போய் வைகாசியும் பிறந்துவிட்டது. கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூருக்கு வண்டி, மொரப்பூரில் ரயில் ஏறினால் சேலம். இதற்குப் பஞ்சாங்கம் பார்க்கிறீர்களா? புதுப் பெண்டாட்டியை விட்டுப் போக மனமில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். நானும் அந்த வயதைத் தாண்டி வந்தவன்தான்.

மூட்டையில் மஞ்சளோடு வெள்ளைச் சீட்டுகளும் இருக்கின்றனவாம், அவற்றைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பொங்கலுக்கு முன்னால் பொட்டலங்களில் வந்தவையாம். மஞ்சளைவிடப் பெரிதாக, நிறைய எழுத்தோடு இருப்பதால் அதற்கு மதிப்பு அதிகம் என்று பெண்டுகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு மஞ்சளைக் கொடுத்து ஒரு வெள்ளையை மாற்றிக்கொண்டதாகச் சின்னக்கா பெருமையாகச் சொன்னாள்.

உங்களால் முடியாவிட்டால் அடுத்த வாரம் நானே பொம்மிடியில் ரயில் ஏறிச் சேலத்துக்கு வருகிறேன். மூட்டையோடு நீங்கள் அங்கே வந்துவிடுங்கள். இருவருமாக டிப்போக்காரனைப் பார்த்துவிடுவோம்.

மாது

*

கம்பைநல்லூர்
21-5-1938

பிரியமுள்ள மச்சானுக்கு,

சேலத்துக்கு வர வேண்டாம். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் டிப்போ வாசலில் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட என் கையெழுத்தில் தெரிந்துகொள்வது மேல்.

அந்த வெள்ளைச் சீட்டு, சீட்டு அல்ல. அறிவிப்பு. “மஞ்சள் சீட்டுகள் இந்தப் பொங்கல் வரைதான் செல்லும். அதற்குள் எங்கள் ஏஜெண்டிடம் கொடுத்துப் புதுச் சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு கொண்டுவந்தால் பரிசு கிடையாது” என்று அச்சடித்திருக்கிறார்கள். நம் கல்யாணம் மாசியில். மூட்டை உங்கள் வீட்டில் முடிச்சுப் போடப்படும்போதே அதில் இருந்தது வெறும் காகிதம்.

வந்த அன்று விளக்கின் முன்னால் முதலில் என் கைக்கு வந்ததே ஒரு வெள்ளைச் சீட்டுதான். வாசித்தேன். “என்னாடா எழுதியிருக்குது?” என்று அம்மா கேட்டாள். காவேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வாழ்த்து அச்சடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் அம்மா எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாளே கம்பெனிக்கு எழுதினேன். நெடுநாள் வாடிக்கைக்கு நன்றி, விதியை மாற்ற இயலாது, எங்கள் அன்பின் அடையாளமாக ஒரு சீப்பு என்று பதில் வந்தது.

மச்சான், யார்மேல் கோபப்படுவது என்று யோசித்துப் பார்த்தேன். வாசிக்கத் தெரிந்த நீங்கள் வழக்கத்தை மீறி மூட்டையை அவிழ்க்கவில்லை. வாசிக்கத் தெரியாத பெண்கள் காகிதத்தின் அளவைப் பார்த்து மதிப்புப் போட்டார்கள். யார் மனதிலாவது கள்ளம் இருந்திருந்தால், சந்தேகப்பட்டு அப்போதே வாசித்துப் பார்த்திருப்பார்கள். எனக்கு மெஷின் வேண்டாம். தீர்த்தன் கடையிலேயே தைத்துச் சேர்த்து ஒரு பழைய மெஷின் வாங்கிக்கொள்வேன். நாளாகும், ஆகட்டும். அம்மாவிடம் மெஷின் கப்பலில் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கப்பல் மெதுவாகவே வரட்டும். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

அர்ச்சுனன்

*

பாப்பிரெட்டிப்பட்டி
24-7-1938

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து மடித்து வாசித்ததில் மடிப்பே கிழிந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது கோபத்தால் அல்ல. உங்களை என்னவெல்லாம் கேலி செய்து எழுதினேன் என்று நினைத்தாலே பேனா ஓடவில்லை. முதல் நாளே தெரிந்துகொண்டு, என் தங்கை முகம் வாடக் கூடாது என்று வாழ்த்து என்று சொன்னீர்களே. இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? கடவுள் எனக்குத் தம்பியைக் கொடுக்கவில்லை என்று முன்பெல்லாம் குறைப்பட்டுக்கொள்வேன். இனி அந்தக் குறை இல்லை.

ஆனாலும் வாக்கு வாக்குதான் மாப்பிள்ளை. சபையில் மீசையை நீவியவன் நான், கம்பெனிக்காரன் அல்ல.

ஆடிக்கு அழைத்துவந்த காவேரி இங்கே சந்தோஷமாக இருக்கிறாள். உங்களைப் பற்றி நாளெல்லாம் ஒன்றும் பேசாமல், அத்தையைப் பற்றியே பேசுகிறாள். ஆடி முடிந்ததும் அனுப்ப வேண்டும் என்று தெரியும். ஆனால் மெஷின் இல்லாமல் அவளை அனுப்ப மாட்டேன். வெறுங்கையோடு அவள் உங்கள் வாசலில் இறங்கினால், நாளைக்கு ஒரு சின்னச் சண்டையில் யாராவது ஒரு சொல் சொல்வார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள், அத்தையும் சொல்ல மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம், தெரு சொல்லும். அதை அவள் வாங்கிக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அது வேண்டாம்.

ஆடிப்பட்டம் விதைத்து முடிந்ததும் எருதுகளை விற்றுவிடுகிறேன். தொப்பூர்க்காரர் ஒருவர் பார்த்துப் பேசி முடித்துவிட்டார். ஆவணி மூன்றாவது வியாழக்கிழமை வந்து ஓட்டிப்போவார். கிணற்றில் கவலை ஏற்றத்தில் பூட்டித் தண்ணீர் இறைக்க மாட்டுக்கு என்ன செய்வாய் என்று தங்கம்மாள் கேட்கிறாள். அதை நான் இன்னும் யோசிக்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

மாது

*

கம்பைநல்லூர்
26-8-1938

மச்சானுக்கு,

வணக்கமெல்லாம் கடைசியில் சொல்கிறேன். முதலில் சண்டை.

ஆவணி பிறந்து பத்து நாள் ஆகிறது. தெருவில் ஆடிக்குப் போன பெண்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். என் பெண்டாட்டியை எருது விற்கும்வரை அடமானமாக வைத்திருக்கிறீர்கள். நான் மெஷின் கேட்டேனா? கேட்காத பொருளுக்காக எருதை விற்று, கேட்கும் ஆளை அனுப்பாமல் இருப்பது என்ன நியாயம்? எருது போனால் கிணறு போச்சு, கிணறு போனால் நிலம் போச்சு. அப்புறம் அந்த மெஷினை நான் எந்தக் காலால் மிதிப்பேன்? ஒவ்வொரு மிதிக்கும் உங்கள் எருது நினைவுதானே வரும்?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை. “மருமவள ஏன்டா அனுப்பல? நான் என்னா கொறை வெச்சேன்?” என்று கேட்டுக் கேட்டு அவள் சாப்பாட்டையே குறைத்துவிட்டாள். உங்கள் பக்கம் தன்மேல் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்திருக்கிறாள். வெள்ளைச் சீட்டு, கம்பெனி, எருது, வியாழக்கிழமை, எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்தாள். எழுந்து போய் முறத்தை எடுத்துக்கொண்டு பயறு புடைக்க உட்கார்ந்தாள். அம்மா திட்டினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

எருதை விற்காதீர்கள். காவேரியை அனுப்பிவையுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன். இப்போது வணக்கம்.

அர்ச்சுனன்

*

பாப்பிரெட்டிப்பட்டி
2-9-1938

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நேற்று வியாழக்கிழமை. நடந்ததை எல்லாம் அத்தையோ காவேரியோ சொல்வார்கள். இருந்தாலும் என் வாயாலும் ஒரு தரம் நீங்கள் கேட்க வேண்டும்.

தொப்பூர்க்காரர் காலையிலேயே வந்துவிட்டார். நான் எருதுகளின் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தங்கம்மாள் மனம் பொறுக்காமல், சீட்டு செல்லாததையும் எருது விற்பதையும் முதல்நாள் சின்னக்காவிடம் சொல்லியிருக்கிறாள். சின்னக்காவிடம் சொன்னால் சித்தேரி மலைக்கே சொன்ன மாதிரிதான். பெண்டுகள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் வேர்க்கடலை, ஒருத்தி கையில் கோழி, கருப்பி தலையில் ஒரு கூடை புளியும் ஒரு குடுவைத் தேனும். சிரிப்பார்கள் அல்லது என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். குடித்த தேயிலைக்குக் கணக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று நின்றேன். சின்னக்கா அழுகிறாள் மாப்பிள்ளை. “கல்யாண வூட்டுல செல்லாத மொய் வெச்சுட்டமே மாது. தெரியாம வெச்சாலும் வெச்சது வெச்சதுதானே. அது மொய்யே இல்ல, மறுபடி வெக்கறோம். எருத வுடாத.”

நான் இத்தனை நாள் அவர்களுக்குத் தெரியாமல் மறைத்தது எதற்காக? வீணாகக் குடித்தோமே என்று வருந்துவார்கள் என்பதற்காக. அவர்கள் வருந்தியது அதற்காக இல்லை. காவேரிக்குச் செல்லாததைக் கொடுத்துவிட்டோமே என்று வருந்தினார்கள்.

அந்த நேரத்தில் உங்கள் அம்மாவின் வண்டி வந்து நின்றது. அரூரில் ஒரு இரவு தங்கி, இருட்டு பிரியுமுன் கிளம்பி வந்திருக்கிறார். இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்தார், தொப்பூர்க்காரரைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். “இங்க என்னா நடக்குது?” என்றார். சின்னக்கா சொன்னாள். மறு மொய் என்றதும் அத்தைக்கு வந்ததே ஒரு கோபம்.

“ரெண்டாந்தரம் மொய் வெக்கறதுக்கு என் மவனுக்கு என்னா ரெண்டாங் கல்யாணமா? கோழியத் தூக்கிட்டு வூட்டுக்குப் போ ஆத்தா.”

“அது செல்லலீங்களே” என்றாள் கருப்பி.

“யார் சொன்னது?”

“கம்பெனிக்காரங்க.”

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “மொய் செல்லுதா செல்லலையான்னு வாங்கினவ சொல்லணும். வெளக்கு முன்னால வெச்சு நான் வாங்கினேன். செல்லும். கம்பெனிக்காரன் யாரு அதுல வாய வெக்கறதுக்கு? அவனுக்கு யாரு பத்திரிகை வெச்சது?”

தொப்பூர்க்காரர்தான் முதலில் சிரித்தார். கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டு, இந்த வீட்டில் பெண் எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் அத்தை என் பக்கம் திரும்பினார். “மெஷின் இல்லாம எம் மருமவ வந்தா தெரு பேசும்னு சொன்னியாமே. அந்தத் தெருவுல நானுந்தான் இருக்கறேன்.” அவ்வளவுதான் சொன்னார். காவேரி எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றிருந்தாள். என்னைக் கேட்கவே இல்லை. ஊர்ப் பெண்டுகள் அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு முத்தம் கொடுத்தார்கள். அத்தை எல்லோரையும் பேர் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்தப் பேர்களை எல்லாம் அவர் எப்படி நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று தெரியவில்லை. வைத்துக்கொள்வார்.

மாப்பிள்ளை, உங்களுக்கு என்னால் மெஷின் கொடுக்க முடியவில்லை. கொடுத்த வாக்கு விழுந்துவிட்டது. ஆனால் அது விழுந்த இடத்தில் நீங்களும் உங்கள் அம்மாவும் நின்றிருந்தீர்கள். இன்று காலை கிணற்றில் கவலை ஓட்டினேன். எருதுகள் முன்னும் பின்னும் நடக்க, தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்று உங்கள் இருவரையும் நெஞ்சார வாழ்த்தினேன்.

கல்யாணத்தன்று நான் அத்தையின் காலில் விழவில்லை. பெண்ணைக் கொடுக்கிறவன் எதற்கு விழ வேண்டும் என்று வீம்பாக நின்றேன். நேற்று வண்டி கிளம்பும்போது விழுந்தேன். அத்தை குனிந்துகூடப் பார்க்கவில்லை. “எந்திரி மாது. வண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டு, தூரம் போவணும்” என்றார்.

தண்ணீர் காட்டினேன், மாப்பிள்ளை. என் கையாலேயே காட்டினேன்.

உங்கள்,
மாது